அண்டாவுக்கு அந்தப் பக்கம்

இப்ப பேசுனீங்களே, அது வீடியோ காலுதான சார்? நான் ஒண்ணும் எட்டிப் பாக்கல. பக்கத்து சீட்டுல உக்காந்திருந்தா கண்ணு போகத்தான செய்யும். யாரு, வீட்டுக்காரம்மாவா? தட்டத் தூக்கிக் காட்டுனாங்களே, வெண்டைக்காயா? வெண்டைக்கா வதக்குனதப் போனுல காட்டி என்ன ஆகப் போகுது, இங்க உங்க பசி அடங்கிருமா? கோச்சுக்காதீங்க. வீடியோ காலுன்னாலே எனக்கு இப்பல்லாம் வயிறு எரியுது. அதால என் வீட்டுல நடந்த கூத்தக் கேட்டீங்கன்னா அந்தப் போன சன்னல் வழியா வீசிருவீங்க.

புதுக்கோட்டை தாண்டிட்டோம்ல. ஏர்போர்ட் ஸ்டாப்புக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆகுமா? போதும். காதுல மாட்டிருக்கறதக் கழட்டிருங்க, சொல்றேன்.

என் பேரு இளவழகன். அறந்தாங்கியில பந்தல் காண்ட்ராக்ட். பந்தலு, சேரு, சமையல் பாத்திரம், சீரியல் செட்டு, எல்லாம் வாடகைக்கு. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, சாவு, எதுன்னாலும் முதல்ல என் நம்பருக்குத்தான் அடிப்பாங்க. நல்ல முகூர்த்த நாளுன்னா ஒரே நாள்ல ரெண்டாயிரம் அடி ஒயர் இழுக்கற ஆளு நான். இத எதுக்குச் சொல்றேன்னா, அறுபது அடி ஒயர் இழுக்கத் துப்பில்லாதவன்னு என்னைய ஒருத்தி சொல்லிட்டா. அதுவும் கூடப் பொறந்தவ.

பூங்கோதைன்னு பேரு. எங்கப்பா பழைய கட்சிக்காரரு, புள்ளைகளுக்குத் தமிழ்லதான் பேரு வப்பாரு. பேருல மட்டும்தான் பூ. மஸ்கட்ல பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சரு. புருசனுக்கும் அங்கதான் வேலை. ரெண்டு வருசத்துக்கு ஒருக்க வருவா, மூணு வாரம் இருப்பா, பேரீச்சம்பழம் குடுப்பா, அழுவா, போயிருவா. நோகாம நுங்கு திங்கறதுன்னு சொல்லுவாங்கள்ல, அது இவளப் பாத்துத்தான் சொல்லியிருக்கணும்.

எங்கப்பாவுக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வாதம் அடிச்சிருச்சு. வலது கை, வலது காலு, பேச்சு, மூணும் போச்சு. மேடை ஏறுனா ரெண்டு மணி நேரம் மைக்க விடாத மனுசன் சார். இப்ப "பா, பா"ன்னு வரும், அம்புட்டுதான். ஆனா புத்தி தெளிவு. எல்லாம் புரியும். அதுதான் பெரிய தொந்தரவு.

அவரு கட்டில ஹால்ல போட்டா வர்றவன் போறவன் கண்ணுல படும். கல்யாண வீட்டுக்காரங்க பாத்திரம் பேச வர்ற எடம் அது. நல்ல காரியம் பேச வந்தவன் முன்னாடி மூத்திரப் பை தொங்கலாமா, நீங்களே சொல்லுங்க. வீடு அவரு கட்டுனது, இல்லேங்கல. ஆனா தொழிலு நான் பாக்கறதுல்ல? அதனால பின்னாடி ரூம்ல கட்டிலப் போட்டோம். முன்ன கிழிஞ்ச சாமியானாவெல்லாம் அங்கதான் கிடந்துச்சு. எல்லாத்தையும் ஒரு பக்கமா ஒதுக்கி எடம் பண்ணிக் குடுத்தேன். சன்னல் இல்ல, வெண்டிலேட்டர் இருக்கு. நல்ல அமைதியான எடம். வெளிச் சத்தம் உள்ள போகாது, உள்ள சத்தம் வெளிய வராது.

ஹாலுக்கும் அந்த ரூமுக்கும் நடுவுலதான் பாத்திர ரூமு. அண்டா, குண்டா, இட்லிக் கொப்பரை, வடிதட்டு, எல்லாம் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். ஒரு ஆளு ஒருக்களிச்சுத்தான் போக முடியும். என் பொண்டாட்டி மலர்க்கொடி கஞ்சிக் கிண்ணத்தத் தூக்கிக்கிட்டு தெனம் ஆறு தடவை அப்படித்தான் போறா. அவ ஒல்லி, பிரச்சினை இல்ல. நான் போறதுன்னா நாலு அண்டாவ நகத்தணும். அதுக்காகப் போகாம இருந்தேன்னு நெனைக்காதீங்க. போவேன்.

பூங்கோதை தெனமும் சாயங்காலம் போன் அடிப்பா. பேச்சில்லாத மனுசன்கிட்ட போன்ல என்ன பேசறது? அவ "அப்பா"ங்கறா, இவரு "பா"ங்கறாரு. அந்த ரூம்ல டவரும் சரியா எடுக்காது, பாதியிலேயே அறுந்து போகும். அப்பறம் மூஞ்சியப் பாக்கணும்னா. சரின்னு பொங்கலன்னைக்கு அவரக் குளிப்பாட்டச் சொல்லி, வேட்டி கட்டி, பந்தல் ஆளுங்க நாலு பேர விட்டு ஹாலுக்குத் தூக்கியாந்து, சேர்ல சாத்தி வச்சுப் பத்துப் படம் எடுத்தேன். வாரத்துக்கு ஒண்ணா அனுப்பிக்கிட்டு வந்தேன். அவளும் சந்தோசமா இருந்தா, எனக்கும் வேலை மிச்சம். ஆறு வாரம் கழிச்சு ஒரு நா கேக்கறா, "ஏண்ணே, எல்லாப் படத்துலயும் பின்னாடி காலண்டரு தை ஒண்ணுலயே நிக்குது?"ன்னு.

கணக்கு டீச்சருல்ல. அப்பன் மூஞ்சியப் பாருடின்னா காலண்டரப் பாக்கறா. படுத்துக் கிடக்கற மனுசனுக்கு வாரா வாரம் மூஞ்சி மாறவா போகுது?

அதோட படம் அனுப்பறத நிறுத்திட்டேன். நம்பாதவளுக்கு என்னத்த அனுப்பறது. பங்குனியில கிரிக்கெட்டு ஆரம்பிச்சுச்சு, நான் பாக்கறதுக்காக ஹால்ல வைஃபை போட்டேன். அத மலர்க்கொடி அவகிட்ட ஒளறிட்டா. பொம்பளைங்க வாயில ஒரு சேதி நிக்குமா. உடனே புடிச்சுக்கிட்டா, "ஹாலுக்கு வந்தது அப்பா ரூமுக்கு வராதா அண்ணே? நீட்டி விடு. தெனம் ஒரு பத்து நிமிசம் அவரு மூஞ்சியப் பாத்துக்கறேன்."

நீட்டி விடணுமாம். கால நீட்டற மாதிரி.

ஊருக்கு வந்த ஆளு கையில ஒரு டப்பாவக் குடுத்தனுப்புனா. ரிப்பீட்டராம். பிளக்குல சொருகுனா சிக்னல வாங்கி அடுத்த ரூமுக்குத் தள்ளுமாம். நேரா கொண்டு போயி அப்பா தலைமாட்டுல சொருகுனேன். எங்க வெளிச்சம் வேணுமோ அங்கதான பல்பு மாட்டணும்? அந்த ரூம்ல ஒரு பிளக்குதான், டேபிள் ஃபேனக் கழட்டிட்டுத்தான் சொருகுனேன். நாலு நாளாப் பாத்தேன், டப்பா கண்ணச் சிமிட்டுச்சே தவிர ஒண்ணும் நடக்கல. அந்த நாலு நாளும் ஃபேனில்லாம அப்பாவுக்கு முதுகு பூரா வேர்க்குரு. அதுக்கும் பூங்கோதைதான் காரணம், ஆனா யாரு அவளக் கேக்கறது?

எங்க ஊர்ல இந்த வைஃபை லைன் நடத்தறது ஜெசிந்தான்னு ஒரு அம்மா. புருசன் நடத்துனான், அவன் செத்ததும் இது எடுத்துக்கிச்சு. சுடிதாரப் போட்டுக்கிட்டு போஸ்ட்டு மரத்துல ஏணி சாத்தி ஏறுது, கேக்க ஆளில்ல. போன் பண்ணிக் கேட்டேன். "சிக்னலே வராத எடத்துல வச்சா அது எதை சார் வாங்கித் தள்ளும்?"னுச்சு. "நடுவுல அம்புட்டு அண்டா அடுக்கி வச்சிருக்கீங்க. அலுமினியத்தையும் பித்தளையையும் தாண்டி அது போகாது. பாத்திரத்த வேற எடத்துக்கு மாத்துங்க. இல்லாட்டி ஹால்ல இருக்கற வைஃபை பாக்ஸ்லேருந்து ஒயர் இழுத்து, அந்த ரூம்ல இன்னொரு பாக்ஸ் வைக்கணும். ஒயர்ல போனாத்தான் நிக்கும்."

கேட்டீங்களா? ஒயரே வேணாங்கறதுக்குத்தான வைஃபை. அதுக்கு ஒயர் இழுக்கணுமாம். இதுக்கு ரெண்டு டம்ளரையும் நூலையும் வச்சே பேசிக்கலாம். பாத்திரத்த மாத்தணுமாம். என் சோத்துப் பானைய நான் எங்க கொண்டு போயி வைக்கறது, ரோட்டுலயா?

சரி, ஒயருதான, அது நம்ம தொழிலுதானேன்னு ஆடி மாசம் நானே எறங்குனேன். ஆடியில நமக்கு விசேசம் கிடையாது. அந்த நீல ஒயரு வாங்கியாந்து பாத்திர ரூம் வழியா விட்டேன். பாதியில ஒரு அண்டா சரிஞ்சு விழுந்து ஒயரு நசுங்கிப் போச்சு. அதுக்கென்ன, வெட்டி ஜாயிண்ட் போட்டாப் போச்சுன்னு வெட்டுனா, உள்ள எட்டுக் கம்பி சார். மயிரு கனத்துல எட்டுக் கம்பி. சீரியல் செட்டுக்கு ரெண்டு கம்பி போதும், போக ஒண்ணு, வர ஒண்ணு. எட்டு எதுக்கு? எல்லாம் வியாபாரத் தந்திரம். நாலு நாலாச் சேத்து, பல்லால தோலக் கடிச்சு, முறுக்கி, டேப்பு சுத்துனேன். முப்பது வருசச் சர்வீசு. நான் போட்ட ஜாயிண்ட்டு மழையில நனஞ்சாலும் விடாது. அப்பா ரூம்ல சொருகுன டப்பாவுல சிக்னல் லைட்டு எரியல. அப்ப என்ன அர்த்தம்? ஒயரு மட்டம். கடைக்காரன் ஏமாத்திட்டான்.

அப்பறம் ஆவணி வந்திருச்சு. முகூர்த்தத்துல தலைய சொறிய நேரமில்ல. அவ கேப்பா, நான் நாளைக்குன்னுவேன். ஒரு நா சொன்னா, "ஊரான் வீட்டு வாசல்ல ரெண்டாயிரம் அடி இழுக்கற. பெத்த அப்பனுக்கு அறுபது அடி இழுக்க முடியலையா அண்ணே?"ன்னு. அமைதியாத்தான் சொன்னா. கத்திச் சொல்லியிருந்தா ரெண்டு நாள்ல மறந்திருப்பேன். அதுக்கப்பறம் என்கிட்ட ஒயரப் பத்தி அவ பேசவே இல்ல.

கார்த்திகையில ஒரு நாளு, ஆவுடையார்கோயில் பக்கம் ஒரு கல்யாணப் பந்தலுக்குப் போயிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வர்றேன். சுவத்துல ஏணி. ஏணி மேல ஜெசிந்தா.

"யாரக் கேட்டு ஏறுன?"ன்னேன்.

"உங்க தங்கச்சி கூப்பிட்டாங்க சார். அக்காதான் கதவத் திறந்து விட்டாங்க."

அக்கான்னா என் பொண்டாட்டி. இருபத்தாறு வருசமா என்னைக் கேக்காம ஒரு மொளகா நாத்து நட்டவ இல்ல. தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறா, ஆனா ஏணியப் புடிச்சிருக்கற கைய எடுக்கல.

அந்தம்மா பாத்திர ரூம் பக்கமே போகல சார். ஹால் பாக்ஸ் பின்னாடி ஒயரச் சொருகி, சன்னல் வழியா வெளிய எடுத்து, சன்ஷேடு ஓரமா க்ளிப் அடிச்சுக்கிட்டே போயி, வெண்டிலேட்டர் வழியா உள்ள எறக்கிருச்சு. ரெண்டு முனையிலயும் அந்த எட்டுக் கம்பியையும் கலர் மாறாம வரிசையா நிறுத்தி, கண்ணாடி மாதிரி இருக்கற ஒரு பிளாஸ்டிக் பிளக்கு மூக்குல விட்டு, இடுக்கியால ஒரே அமுக்கு. ரூம்ல இன்னொரு பாக்ஸு. ஃபேனுக்கும் பாக்ஸுக்கும் சேத்து ஒரு பிளக்குப் பெட்டியும் கையோட கொண்டாந்திருந்துச்சு. மொத்தம் ஒன்றரை மணி நேரம். என்னோட பழைய ஜாயிண்ட்டக் கையில எடுத்துப் பாத்துச்சு. "சார், இது சீரியல் செட்டு இல்ல"ன்னுச்சு. சிரிக்கல. சிரிச்சிருந்தா நாலு வாங்கு வாங்கியிருப்பேன்.

போறப்பத்தான் ஷோகேஸுக்குள்ள கிடந்த குருவி அந்தம்மா கண்ணுல பட்டுச்சு.

குருவின்னா பெல்லு சார். அமுக்குனா குருவி மாதிரி கத்தும். அப்பா விழுந்த புதுசுல பூங்கோதை வந்திருந்தப்ப வாங்கி மாட்டுனது. பட்டன் அவரோட இடது கையில இருக்கும், கத்தற பாகம் ஹால் பிளக்குல இருக்கும். சொன்னா நம்ப மாட்டீங்க, ஒரு நாளைக்கு நாப்பது தடவை. தலகாணி நகந்தா ஒரு பெல்லு, ஈ உக்காந்தா ஒரு பெல்லு. பாதி நேரம் போயி நின்னா ஒண்ணும் வேண்டியிருக்காது. மூஞ்சியப் பாப்பாரு, அம்புட்டுதான். மனுசன் பொழப்பப் பாக்கறதா, குருவிக்குப் பதில் சொல்றதா? ஹால்ல வைஃபை மாட்டுனப்ப டிவி பக்கத்துல வேற பிளக்கு இல்ல. பெல்லக் கழட்டிட்டு பாக்ஸச் சொருகச் சொன்னேன். இதே ஜெசிந்தாதான் சொருகுச்சு. "பெல்ல வேற பிளக்குல மாத்திக்குங்க சார்"ன்னு அப்பவே சொன்னுச்சு, நானும் சரின்னேன். மாத்தலாம்னுதான் இருந்தேன்.

ஆனா பட்டன அவருகிட்டேருந்து நான் புடுங்கல பாருங்க. அமுக்குனா அதுல செகப்பா ஒரு பொட்டு எரியும். அது எரிஞ்சா அவருக்கு ஒரு நிம்மதி, யாரோ வர்றாங்கன்னு. நடுவுல பாட்டரி தீந்தப்பக் கூட புதுசு போடுன்னு மலர்க்கொடிகிட்ட நான்தான் சொன்னேன். எந்த மகன் இம்புட்டுப் பாப்பான்?

இதத்தான் ஜெசிந்தாகிட்டயும் சொன்னேன். "அப்ப இந்த எட்டு மாசமா அவரு..."ன்னு ஆரம்பிச்சுச்சு. முடிக்கல. ஏணியத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டுப் போயிருச்சு.

அன்னைக்குச் சாயங்காலமே வீடியோ காலு. மலர்க்கொடி ஒரு குண்டாவக் கவுத்து வச்சு, அது மேல போனச் சாத்தி வச்சா. என்னத்தச் சொல்ல, அம்புட்டுத் தெளிவு. அவ மூஞ்சியப் பாத்து இவரு அழுகறாரு, இவரு மூஞ்சியப் பாத்து அவ அழுகறா. இந்த அழுகைக்குத்தான் இம்புட்டு ஒயரு. நான் கதவோரம் நிக்கிறேன். பேசிக்கிட்டே இருந்தவ திடீர்னு நிறுத்திட்டா.

"அண்ணே, அப்பா கையில என்ன?"

"பெல்லு பட்டன். நீ வாங்குனதுதான்."

"அமுக்கிக்கிட்டே இருக்காரு. லைட்டு எரியுது. வீட்டுக்குள்ள ஒரு சத்தமும் கேக்கலியே."

"ரிப்பேரு"ன்னேன்.

"எப்பலேருந்து?"

"நேத்துலேருந்து."

அப்பா தலைய ஆட்டுனாரு சார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், இல்லேன்னு. ஒரு வாய்க் கஞ்சி குடிக்கத் தலை நிக்காத மனுசனுக்கு, பெத்த மகனக் காட்டிக் குடுக்கத் தலை ஆடுது. எம்புட்டு நாளா அவருக்குத் தெரியும்னு எனக்குத் தெரியல. நான் கேக்கல.

மறுநாள் அவ பாத்துக்கிட்டே இருந்தா. அப்பாவ, கட்டில, கிழிஞ்ச சாமியானாவ, வெண்டிலேட்டர, புரட்டிப் படுக்க வச்சப்பத் தெரிஞ்ச வேர்க்குருத் தழும்ப. என் வீட்டுக்குள்ள மஸ்கட்லேருந்து ஒருத்தி ஒரு மணி நேரம் கண்ண விட்டுத் துழாவறா, நான் நிறுத்த முடியல. நாலாவது நாளு அவ அண்ணிகிட்ட மட்டும் சொல்லியிருக்கா. டிக்கெட் போட்டாச்சாம், திருச்சியில வீடு பாத்தாச்சாம், பள்ளிக்கூடத்துல லீவு சொல்லியாச்சாம். அப்பாவக் கூட்டிட்டுப் போறாளாம். எனக்கு ஒரு வார்த்தை இல்ல. பந்தல் ஆளு சொல்லித்தான் எனக்கே தெரியும். அவனுக்கு யாரு சொன்னது? ஜெசிந்தா.

இன்னைக்கு ஒன்றரை மணிக்கு அவ பிளைட்டு எறங்குது. அதான் முந்திக்கிட்டேன். அவ வீட்டுக்கு வந்து நாலு பேரு முன்னாடி வாயத் திறக்கறதுக்கு முன்னாடி, ஏர்போர்ட் வாசல்லயே ரெண்டு வார்த்தை பேசிப்புடணும். அப்பாவ அவ தூக்கிட்டுப் போனா ஊரு என்ன சொல்லும்? பந்தக்காரன் அப்பனப் பட்டினி போட்டான்னு கூடச் சொல்லும். அப்பறம் எவன் என்னைய நல்ல காரியத்துக்குக் கூப்பிடுவான்? அவ மூணு மாசம் வச்சுப் பாக்கட்டும் சார். பீ மூத்திரம் அள்ளிப் பாக்கட்டும். தூரத்துலேருந்து பாசம் காட்டறது யாருக்கும் வரும்.

நான் ஒண்ணும் சும்மா இருக்கல. திங்கக்கிழமையே இன்னொரு பிளக்குப் பெட்டி வாங்கி ஹால்ல பெல்ல மாட்டிட்டேன். நானே அண்டாவெல்லாம் நகத்திட்டுப் போயி, கட்டில்ல உக்காந்து, "யப்பா, பெல்லு சரியாயிருச்சு. எப்ப வேணாலும் அமுக்குங்க, ஓடி வர்றேன்"ன்னேன். அமுக்கல சார். அன்னைக்கு அமுக்கல, மறுநா அமுக்கல, அதுக்கு மறுநாளும் அமுக்கல. பட்டன் கையிலதான் இருக்கு. வேலை செய்யாதப்ப நாள் பூரா அமுக்குன மனுசன், வேலை செய்யறப்ப அமுக்க மாட்டேங்கறாரு. பிடிவாதம். பழைய கட்சிக்காரருல்ல. நான் டிவியக் கூடப் போடாம ஹால்ல உக்காந்திருக்கேன், குருவி கத்துமான்னு. எனக்கே என்னமோ மாதிரி ஆயிருச்சு சார், மறைக்கறதுக்கு என்ன இருக்கு.

நேத்துச் சாயங்காலம் கத்துச்சு. விட்டு விட்டு இல்ல, ஒரே புடியா, வீடே அதிர்ற மாதிரி. விழுந்தடிச்சு ஓடுனேன். குண்டா தட்டி விழுந்து முட்டியப் பேத்துக்கிட்டேன், இந்தா பாருங்க. போயி நின்னா, கட்டிலுக்கு எதுத்தாப்புல போனு, போனுக்குள்ள பூங்கோதை. அவளப் பாத்துத்தான் அமுக்கறாரு. அவளக் கூப்பிடறாரு. அவ என்ன, மஸ்கட்லேருந்து எந்திரிச்சு வந்து தலகாணிய நகத்துவாளா? பக்கத்துல நிக்கிறவன் நானு. மூச்சு வாங்கிக்கிட்டே கேட்டேன், "என்னப்பா வேணும், நான் வந்துட்டேன்ல"ன்னு.

திரும்பி என்னையப் பாத்தாரு சார். கொஞ்ச நேரம் பாத்தாரு. பாத்துட்டு, பட்டன்லேருந்து விரல எடுத்துட்டாரு.